வண்டிக்கு வாங்கிய ரேடியோ

3-2-1966

காலையில் மதுரை ரயிலில் இறங்கிய ஒரு குடும்பம் பழனிக்கு வண்டி கேட்டது. டாக்சி வரிசையில் முதலில் நின்றது என் லேண்ட்மாஸ்டர் கார்தான். மூட்டையை வாங்கி டிக்கியில் வைக்கப் போனேன். அவர்களில் மூக்குக்கண்ணாடி போட்ட ஒருவர் வண்டிக்குள் எட்டிப் பார்த்து, ரேடியோ இல்லையா என்று கேட்டார். இல்லை என்றேன். பின்னால் அருள்நாதன் வண்டியில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. எல்லோரும் அதில் போய் ஏறிக்கொண்டார்கள். மூட்டை மட்டும் என் கையில் இருந்தது. நானே அதைத் தூக்கிக்கொண்டு போய் அவன் டிக்கியில் வைத்தேன்.

ஏன் வைத்தேன்? கீழே போட்டுவிட்டு வந்திருக்கலாம்.

6-2-1966

வீட்டில் என் மனைவி சிவனம்மாளிடம் ரேடியோ பேச்சை எடுத்தேன். பின்கதவுக் கண்ணாடி ஏற மாட்டேன் என்கிறது, மழை பெய்தால் ஏறுகிறவர்கள் நனைகிறார்கள், முதலில் அதைப் பாருங்கள் என்றாள். "பாட்டுக் கேக்கவா ஏறுறாக? ஊருக்குப் போகத்தான ஏறுறாக." சரிதான். ஆனால் அவள் ஸ்டாண்டில் நிற்பதில்லையே.

9-2-1966

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மீரான் கடை. டாக்சி வண்டிகளுக்கெல்லாம் எலெக்ட்ரிக் வேலை பார்ப்பது அவர்தான். இரண்டு ரேடியோவை எடுத்துக் காட்டினார். ஒன்று புதுசு, டிரான்சிஸ்டர், சின்னது. சத்தம் மெதுவாக வந்தாலும் சுத்தமாக வருகிறது. பேட்டரியையும் அதிகம் தின்னாதாம். இன்னொன்று சிறுமலையில் காபித் தோட்டம் வைத்திருக்கும் ஒருவருடைய காரிலிருந்து கழற்றியது. உள்ளே வால்வு. சூடேறிப் பாடச் செத்த நேரம் ஆகிறது. பாட ஆரம்பித்தால் டீக்கடை ரேடியோ தோற்றுப்போகும். முகப்பு முழுக்க நிக்கல் பளபளப்பு.

சின்னதை வாங்கச் சொன்னார் மீரான். பெரியது பேட்டரியை உறிஞ்சிவிடும், உங்கள் பேட்டரியும் பழசு என்றார்.

பெரியதைத்தான் எடுத்தேன். வயசானவர்கள் ஏறுகிறார்கள், அவர்களுக்குக் காது கேட்க வேண்டாமா என்று மீரானிடம் சொன்னேன். உண்மை அதுவல்ல. அருள்நாதன் பக்கத்தில் வண்டியை நிறுத்தினால் அவன் பாட்டு காதில் விழக் கூடாது. இங்கே எழுதுகிறேன், வாயால் சொல்ல வரவில்லை.

11-2-1966

வண்டியில் ரேடியோவைப் பூட்டியாகிவிட்டது. ஒரு சிக்கல். அதன் சுவிட்ச் தேய்ந்திருக்கிறது, அணைக்க முடியவில்லை. புது சுவிட்ச் மதுரையிலிருந்து வர ஒரு வாரம் ஆகும், அதுவரை கடையிலேயே இருக்கட்டும் என்றார் மீரான். வருகிற முகூர்த்தத்துக்கு இரண்டு சவாரி பேசி வைத்திருக்கிறேன், அதுவரை எப்படிப் பொறுப்பது? வண்டிச் சாவியோடு சேர்த்து ஒயரைக் கொடுத்துவிடுங்கள் என்றேன். அப்படிச் செய்தால் சாவி போட்டிருக்கிற வரைக்கும் ரேடியோவும் ஓடிக்கொண்டே இருக்கும், சத்தத்தை மட்டும்தான் குறைக்கலாம், அந்தத் திருகும் லொடலொட என்றிருக்கிறது, பார்த்துத் திருப்புங்கள் என்று இரண்டு தடவை சொன்னார்.

நான் என்ன சின்னப்பிள்ளையா என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

15-2-1966

தேர் மாதிரி இருக்கிறது வண்டி. தெருமுனையில் திரும்பும்போதே பாட்டுக் கேட்டு சிவனம்மாள் வாசலுக்கு வந்துவிட்டாள். கண்ணாடிப் பேச்சை எடுக்கவில்லை.

20-2-1966

காலையில் வண்டி கிளம்பவில்லை. தள்ளித்தான் கிளப்பினேன். பேட்டரி இறங்கிவிட்டது. மீரான் சொன்னது சரி. அவரிடம் சொல்லவில்லை. சுவிட்ச் வந்துவிட்டதா என்று கேட்கவும் போகவில்லை.

24-2-1966

அகரத்திலிருந்து உடையப்பன் என்பவர் வந்திருந்தார். கத்தரியும் மல்லிகையும் போடுகிற சம்சாரி. தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த மகள் அய்யம்மாளுக்குப் பிள்ளை பிறந்த பிறகு காய்ச்சல் இறங்கவே இல்லையாம். இங்கே ஆஸ்பத்திரியில், மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகச் சொல்லிவிட்டார்கள். பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார்கள். அந்தப் பெண் பின்சீட்டில் தாயார் சுந்தரம்மாளின் தோளில் சாய்ந்திருந்தது.

ரேடியோ பாடிக்கொண்டு வந்தது. அவர்களுக்கும் ஒரு ஆறுதல்தானே என்று நினைத்தேன். நினைத்தேனா? இல்லை, சும்மாதான் விட்டேன். சின்னாளபட்டி தாண்டியதும் அந்தப் பெண், "அண்ணே, சத்தத்தைக் கொஞ்சம் கொறைங்கண்ணே," என்றது. குறைத்தேன். எனக்கு முகம் கடுத்தது. அதை அந்த அம்மா கண்ணாடியில் பார்த்திருப்பார்கள்.

28-2-1966

இன்று எழுத முடியாது.

2-3-1966

எழுதினால்தான் சோறு இறங்கும் போலிருக்கிறது.

திங்கட்கிழமை மதுரைக்கு ஒரு சவாரி போயிருந்தேன். இறக்கிவிட்டுத் திரும்பும்போது ஆஸ்பத்திரி வாசலில் உடையப்பன் நின்றிருந்தார். மகள் காலையில் இறந்துவிட்டது. தொப்பம்பட்டியில் இருக்கிற மாப்பிள்ளைக்குத் தந்தி கொடுத்திருக்கிறார். மாப்பிள்ளை வீட்டார் அகரத்துக்கே வந்துவிடுவார்களாம். மூன்று டாக்சிக்காரர்கள் பிணம் ஏற்ற மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். என்னைப் பார்த்ததும் அவர் ஒன்றும் கேட்கவில்லை, பார்த்துக்கொண்டே நின்றார். ஏற்றிக்கொள்கிறேன் என்று நானாகத்தான் சொன்னேன். அந்த ஒரு காரியத்தை மட்டும் சரியாகச் செய்தேன்.

உட்கார்ந்து தூங்குகிற மாதிரிப் பின்சீட்டில் வைத்து, தலையைத் தாயார் மடியில் சாய்த்துக்கொண்டார்கள். உடையப்பன் முன்சீட்டில் என் பக்கத்தில். அந்த அம்மா அழவில்லை. மகளின் தலைமுடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டே வந்தார்கள்.

ரேடியோ ஞாபகமே எனக்கு வரவில்லை. மத்தியானம் ரேடியோ ஸ்டேஷனில் ஒலிபரப்புக்கு இடைவேளை, அதனால் அது வாயை மூடிக்கொண்டிருந்தது. என்ஜின் சத்தத்துக்கு அடியில் ஒரு இரைச்சல் கேட்டது. கேட்டும் அது என்னவென்று யோசிக்கவில்லை. காலையில் வரும்போது காற்றிரைச்சலில் பாட்டுக் கேட்பதற்காகச் சத்தத்தை முழுசாகத் திருகி வைத்திருந்தேன், அது அப்படியே இருந்தது.

கொடைரோடு தாண்டி ரயில்வே கேட்டு மூடியிருந்தது. பக்கத்தில் ஒரு பஸ், பின்னால் இரண்டு லாரி. நிறுத்தினால் மறுபடி கிளம்பாது என்று என்ஜினை ஓடவிட்டே நின்றேன். அப்போது இடைவேளை முடிந்தது.

காதல் பாட்டு. டப்பாங்குத்து மாதிரி தாளம். காது அதிர்கிற சத்தம்.

திருகைப் பிடித்துத் திருப்பினேன். கையோடு கழன்று வந்துவிட்டது. உள்ளே இருந்த கம்பியை நகத்தால் திருப்பிப் பார்க்கிறேன், வழுக்குகிறது. சாவியைத் திருப்பினால் பாட்டு நின்றுவிடும். தெரியும். எனக்குத் தெரியும். ஆனால் வண்டியும் நின்றுவிடுமே, பேட்டரியில் உயிரில்லையே, பிணத்தோடு நடுரோட்டில் நிற்கணுமே என்று - எதைச் செய்யுறது, எதை விடுறதுன்னு ஒண்ணும் ஓடல. பாட்டு பாடிக்கிட்டே இருக்கு. பஸ் ஜன்னல்ல இருந்து ஒருத்தன், "அண்ணே, இன்னும் கொஞ்சம் கூட்டி வைங்க," என்றான். அவன்மேல் தப்பில்லை, அவனுக்குத் தெரியாது.

கடைசியில் சாவியைத் திருப்பினேன்.

அதற்குப் பிறகு இருந்த அமைதி பாட்டைவிட மோசம். ரயில் போனது. கேட்டு திறந்தது. சாவியைப் போட்டால் என்ஜின் முனகுகிறது. பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடிக்கிறான். நான் இறங்குவதற்குள் உடையப்பன் இறங்கிவிட்டார். வேண்டாங்கய்யா என்றேன். அவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பின்னால் போய் வண்டியில் கை வைத்தார். மகள் உள்ளே இருக்கிறது, அவர் வண்டியைத் தள்ளுகிறார். தள்ள வந்த பஸ்காரர்கள் கண்ணாடி வழியே உள்ளே பார்த்தார்கள். அந்தப் பாட்டுக் கேட்டவனும் அவர்களில் ஒருவன். தலைத்துண்டை எடுத்துவிட்டுத் தள்ளினான்.

என்ஜின் பிடித்ததும் ரேடியோ ஒயரைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அவரை ஏற்றிக்கொண்டு வண்டியை எடுத்தேன். சும்மா ஓட்டிக்கொண்டு போயிருக்கலாம். போகவில்லை. "மீரான்னு ஒருத்தன் பூட்டுனதுங்கய்யா, வேலை சுத்தமில்ல," என்றேன்.

உடையப்பன் ரோட்டைப் பார்த்தபடி, "சரி தம்பி. ஓட்டுங்க," என்றார்.

5-3-1966

கேட்டில் நடந்தது ஸ்டாண்டுக்கு வந்துவிட்டது. பின்னால் நின்ற லாரிக்காரன் சொல்லியிருக்கிறான். என்னய்யா அது என்று கேட்டார்கள். உடையப்பனிடம் சொன்னதையே இவர்களிடமும் சொன்னேன். இரண்டாவது தடவை சொல்லும்போது இன்னும் சுலபமாக வந்தது. பேட்டரிக்குப் பொருந்தாத ரேடியோவை மீரான் என் தலையில் கட்டிவிட்டார் என்று புதிதாக ஒன்றையும் சேர்த்துக்கொண்டேன்.

12-3-1966

அருள்நாதன் தன் வண்டியை வேறு கடையில் விட்டிருக்கிறான். "பிணத்தை வச்சுக்கிட்டு மானத்தை வாங்கிட்டானே அந்த ஆளு, அவன்ட்ட எவன் வண்டியை விடுவான்?" எனக்காகக் கோபப்படுகிறான். இம்புட்டு நாளும் அவனைப் பொறாமையோடு பார்த்துக்கொண்டிருந்தேன்.

15-3-1966

இன்று அகரத்தில் அந்தப் பெண்ணின் காரியம். சொல்லி அனுப்பவில்லை, ஆனாலும் தலையைக் காட்டுவதுதான் முறை. தாடிக்கொம்பு வரை போனேன். கோயில் வாசலில் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். சவாரி இல்லாமல் அவ்வளவு தூரம் போய் வந்ததற்கு சிவனம்மாளிடம் ஒரு பொய்.

20-3-1966

மீரான் ஸ்டாண்டுக்கு வரவில்லை, வீட்டுக்கு வந்தார். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே வரச் சொன்னாள் சிவனம்மாள். பரவாயில்லம்மா என்று வாசலிலேயே நின்றார். சண்டை போடுவார் என்று நினைத்தேன்.

"நீங்க சொன்னதைத்தானே செஞ்சேன் அண்ணே. சுவிட்ச் வரட்டும்னேன்ல? ரெண்டு தடவ சொன்னேனா இல்லியா?"

சொன்னீர்கள் என்றேன்.

"அதை என்ட்ட சொல்லி என்ன செய்ய? எங்க மாத்திச் சொன்னீங்களோ அங்க சொல்லுங்க."

போய்விட்டார். சிவனம்மாள் வெஞ்சனக் கிண்ணத்தை என் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போனாள். அவளுக்கும் நான் மீரான்மேல் பழிபோட்ட கதையைத்தான் சொல்லியிருந்தேன். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

22-3-1966

இன்று சொல்லவில்லை. ஸ்டாண்டில் எல்லோரும் இருந்தார்கள்.

23-3-1966

இன்றும் இல்லை. இரண்டு பேர்தான் இருந்தார்கள், அது போதாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நேற்று கூட்டம் அதிகம், இன்று கூட்டம் குறைவு. என்ன மனுஷன் நான்?

27-3-1966

சொல்லிவிட்டேன்.

ரயில் தாமதம். எல்லோரும் வேப்பமரத்தடியில் இருந்தார்கள். மீரான் வேண்டாம் என்று தடுத்ததையும், சுவிட்ச் வருகிற வரை பொறுக்காமல் நான் அவசரப்பட்டதையும், பெரிய ரேடியோவை எதற்காக வாங்கினேன் என்பதையும் சொன்னேன். கடைசியில் சொன்னதை அருள்நாதனைப் பார்த்தே சொல்ல வேண்டியிருந்தது. தெரிந்துவிட்டால் ஊரே காறித் துப்பும் என்று பயந்திருந்தேன். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. ஒருவர் பீடியைப் பற்றவைத்தார். இன்னொருவர் பாவம்யா அந்த மீரான் என்றார்.

அருள்நாதன் மட்டும் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தான். பிறகு, "அந்தப் பெரியவரைத் தள்ள விட்டியேலே," என்றான். அவ்வளவுதான்.

சாயங்காலம் அவன் வண்டி மீரான் கடை வாசலில் நின்றது.

2-4-1966

ரேடியோவைக் கழற்ற மீரானிடம் போனேன். ஒயர் ஒயராகப் பிரித்து, ஒரு கீறல் விழாமல் எடுத்துத் தந்தார். டீ வரவழைக்கவில்லை. எப்போதும் வரவழைப்பார். நீங்கள் மன்னிக்க வேண்டும் என்று ஆரம்பித்தேன்.

"வேலை இருந்தா கொண்டாங்க, செஞ்சு தாரேன். பேச்சு மட்டும் கொஞ்ச நாளைக்கு வேண்டாம் அண்ணே."

ரேடியோ இருந்த இடத்தில் சதுரமாக ஒரு ஓட்டை. அதை மூடாமல் அப்படியே விட்டிருக்கிறேன்.

30-4-1966

ஸ்டாண்டில் எனக்குப் 'பாட்டுவண்டி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வெளியூர் ஆட்கள் அதைக் கேட்டு, ரேடியோ இருக்கிறதென்று நினைத்து என் வண்டிக்கு வருகிறார்கள். ஓட்டையைப் பார்த்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போகிறார்கள். பின்கதவுக் கண்ணாடியைச் சரிசெய்தாகிவிட்டது.

19-6-1966

உடையப்பனும் சுந்தரம்மாளும் ஸ்டாண்டுக்கு வந்தார்கள். என் வண்டி மூன்றாவதாக நின்றது. நான் தலையைக் குனிந்து டயரைப் பார்க்கிற மாதிரி இருந்தேன். அந்த அம்மா முன்னால் நின்ற இரண்டு வண்டியையும் தாண்டி வந்து என் பின்கதவைத் திறந்து ஏறிக்கொண்டார்கள். தொப்பம்பட்டிக்குப் போகணும் தம்பி என்றார் உடையப்பன். முறைப்படி முதல் வண்டி அருள்நாதனுடையது. போ என்று அவனே கையைக் காட்டினான்.

மாப்பிள்ளைக்கு வேறு இடத்தில் கல்யாணம் முடிவாகியிருக்கிறது. அய்யம்மாள் போன பிறகு மாப்பிள்ளை வீட்டில் வளர்கிற பிள்ளையைக் கூட்டி வரப் போகிறார்கள். ஒட்டன்சத்திரம் போவதற்குள் ஒரு வழியாக வாயைத் திறந்து, "ஐயா, அன்னைக்கு மீரான்மேல தப்பில்லைங்க, எல்லாம் நான் செஞ்சது," என்றேன். ரோட்டைப் பார்த்துத்தான் சொன்னேன்.

"அன்னைக்கே தெரியும் தம்பி," என்றார் உடையப்பன்.

தொப்பம்பட்டியில் பெரிய சச்சரவு எதுவும் இல்லை. மாப்பிள்ளையின் தாயார் பிள்ளையைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். "பால் குடிச்சதும் தோள்ல போட்டுத் தட்டோணுங்க, இல்லாட்டி கக்கிப்போடும்," என்று சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். பெண் பிள்ளை.

வண்டியில் ஏறியதிலிருந்து அழுகை. பாட்டிலைக் கொடுத்துப் பார்த்தார்கள், தோளில் போட்டுப் பார்த்தார்கள். நிறுத்தவில்லை. சுந்தரம்மாள் முன்னால் எட்டிப் பார்த்து, "இங்க இருந்த பெட்டி எங்க?" என்று கேட்டார்கள். அவர்கள் என்னிடம் நேராகப் பேசியது இதுதான் முதல் தடவை.

"கழட்டிட்டேன்மா."

"ஏன் கழட்டுனீங்க? அது என்ன பண்ணுச்சு?"

அவர்கள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பிள்ளையை மடி மாற்றிப் போட்டுக்கொண்டு, வாயாலேயே ஏதோ முனகிப் பாட ஆரம்பித்தார்கள். சுருதியும் இல்லை, வார்த்தையும் சரியாகக் காதில் விழவில்லை. உடையப்பன் கண்ணை மூடிக்கொண்டார்.

ரெட்டியார்சத்திரத்துக்கு முன்னாலேயே பிள்ளை தூங்கிவிட்டது. அங்கிருந்து அகரம் வரை நான் ஹாரன் அடிக்கவில்லை.