பத்துப் பட்டன் பட்டை

ஆகஸ்ட் 4

அன்புள்ள உங்களுக்கு,

நலம். வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டால் ஆமாம் என்று பொய் எழுதுவீர்கள். அதனால் கேட்கவில்லை.

இந்த வருஷமும் எனக்கு இரண்டாம் வகுப்புதான். முப்பத்தைந்து எழுதச் சொன்னால் பாதிப் பேர் 305 என்று எழுதுகிறார்கள். முதலில் முப்பது, பக்கத்தில் ஐந்து. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, காதில் விழுந்ததை அப்படியே எழுதுகிறார்கள். பத்து என்பதைக் கையில் பிடித்துப் பார்த்தால்தான் புரியும். கடையில் மிஞ்சிய பட்டன்களைத் துணிப் பட்டையில் பத்துப் பத்தாகத் தைத்து அனுப்புங்கள். உதிரியாகவும் ஒரு கைப்பிடி வேண்டும்.

முதல் பெஞ்சில் ஒரு பெண் குழந்தை வாயே திறப்பதில்லை. மற்றவர்கள் பூனை என்கிறார்கள். கணக்கு வரவில்லையா, பயமா என்று எனக்குப் பிடிபடவில்லை.

என் மாற்றல் மனு என்ன ஆயிற்று? ஆளுக்கொரு ஊரில் இருந்தது போதும் என்று இருக்கிறது.

உங்கள் டீச்சர்


ஆகஸ்ட் 19

டீச்சரம்மாவுக்கு,

சீருடை தைக்கக் கொடுத்தவர்கள் எல்லாம் கடை வாசலில் நின்று கத்துகிறார்கள். நான் உள்ளே உட்கார்ந்து உன் பொடிசுகளுக்குப் பட்டன் தைக்கிறேன். என் தலையெழுத்து. பார்சல் அனுப்பிவிட்டேன்.

மாற்றலுக்காக இந்த வாரமும் கல்வி அலுவலகம் போனேன். "வரும் சார், வரும். வராம எங்க போயிடும்?" என்கிறார் குமாஸ்தா. இரண்டு வருஷமாக இதே பாட்டு. நீ சொல்கிற மாதிரி அங்கே வந்து கடை போட முடியுமா? அங்கே என்னை யாருக்குத் தெரியும்? நீ வந்தால்தான் இந்த வீடு வீடாகும். இப்போது நானும் மெஷினும்தான், அதுவும் என்னைப் போலவே முனகுகிறது.

உன் தையல்காரன்


செப்டம்பர் 6

என் மகா தையல்காரருக்கு,

நீங்கள் செய்த காரியத்தைக் கேளுங்கள்.

பட்டைகளைப் பிரித்து எல்லாருக்கும் கொடுத்தேன். மூன்று பட்டை, ஐந்து உதிரி தூக்கிக் காட்டினேன். வகுப்பே முப்பத்தைந்து என்று கத்தியது. பூனை மட்டும் தன் பட்டையைப் பெஞ்சில் நீட்டி, பட்டனுக்கு ஒரு விரலாக வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து நின்றாள்.

"விரல் தீந்துபோச்சு டீச்சர். பட்டன் தீரல."

எண்ணிப் பார்த்தால் பன்னிரண்டு. கடைக்குப் பட்டன் டஜன் கணக்கில் வருகிறது, உங்கள் கை பழக்கத்தில் டஜனாகவே தைத்துவிட்டது. நானும் உங்களை நம்பி எண்ணாமலே பத்து என்று சொல்லிவிட்டேன். நான் சொன்னேன் என்று பிள்ளைகளும் நம்பினார்கள். அவள் ஒருத்திதான் என்னை நம்பாமல் விரலை நம்பினாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. "நான் சொன்னது தப்பும்மா, நீ எண்ணினதுதான் சரி" என்றேன்.

பிறகு எல்லாப் பட்டையிலும் இரண்டிரண்டு பட்டனை வெட்டி எடுத்தோம். ஐந்து பட்டையில் எடுத்ததைச் சேர்த்தால் புதிதாக ஒரு பத்து. அதைக் கண்டுபிடித்ததும் வகுப்பில் ஒரே ஆட்டம். இப்போது நான் சாக்பீஸ் கொடுத்தால்கூட எண்ணித்தான் வாங்குகிறார்கள். இங்கே உங்கள் பெயர் பன்னெண்டு மாமா. வேண்டும் உங்களுக்கு.

உங்கள் டீச்சர்


பிப்ரவரி 9

டீச்சரம்மாவுக்கு,

வந்துவிட்டது. குமாஸ்தாவே கடைக்கு வந்து மாற்றல் உத்தரவின் நகலைக் கொடுத்துவிட்டுப் போனார். நம் தெருவுக்கு அடுத்த தெருப் பள்ளி. இந்த மாதக் கடைசிக்குள் சேர வேண்டும், வேண்டாமென்றால் எழுதிக் கொடுத்துவிட வேண்டுமாம். வேண்டாமென்று யார் சொல்லப்போகிறார்கள்? வீட்டை வெள்ளையடிக்கச் சொல்லிவிட்டேன்.

உன் தையல்காரன்


பிப்ரவரி 14

அன்புள்ள உங்களுக்கு,

சந்தோஷம். வருகிறேன். அடுத்த வெள்ளிக்கிழமை நீங்கள் வந்தால் பெட்டி தூக்க உதவியாக இருக்கும்.

கடன் வாங்கிக் கழித்தல் இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறேன். பாதியில் விட்டால் குழம்பிப்போவார்கள். பூனை இப்போது பக்கத்தில் இருப்பவனுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள், அதட்டிக்கூடச் சொல்கிறாள். வருகிற டீச்சர் அவளை வாயை மூடு என்று சொல்லிவிடக்கூடாது. இதையெல்லாம் எழுதி வைத்துவிட்டு வருகிறேன். நீங்கள் கவலைப்படாதீர்கள். எனக்கும் வீட்டுக்கு வரத்தான் ஆசை.

உங்கள் டீச்சர்


பிப்ரவரி 20, வியாழன்
உன் பள்ளிக்கு எதிர் டீக்கடை

டீச்சரம்மாவுக்கு,

பயப்படாதே. திடுக்கிட வைக்கலாம் என்று ஒரு நாள் முன்னதாக வந்தேன். வாட்ச்மேன் உள்ளே விட்டார். உன் வகுப்பு ஜன்னலோரம் நின்றேன்.

நீ பலகையில் நாற்பத்திரண்டில் பதினேழு போனால் முப்பத்தைந்து என்று எழுதினாய். ஐயையோ, என் பெண்டாட்டிக்குக் கணக்கு மறந்துவிட்டதா என்று பதறிப்போனேன். நீ சாக்பீஸும் கையுமாக ஒன்றும் தெரியாதவள் மாதிரி நின்றாய். ஒரு பையன் சரி என்றான். நீ தலையாட்டவில்லை. இன்னொருத்தி தப்பு என்றாள். அதற்கும் நீ அசையவில்லை. விடை எனக்கு வாய் வரைக்கும் வந்துவிட்டது, பல்லைக் கடித்துக்கொண்டேன். கடைசியில் ஒரு சின்னப் பெண் எழுந்து, "ரெண்டுல ஏழு போகாது டீச்சர். நீங்க ஏழுல ரெண்டைக் கழிச்சிட்டீங்க. ஒரு பத்தை உடைங்க" என்றாள். அதட்டின தோரணையிலேயே பூனை என்று தெரிந்தது.

என் தையல் ஒரு நூல் கோணினால் பொறுக்காதவள் நீ. உனக்குப் பொறுமையே கிடையாது என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். இருக்கிற பொறுமையை எல்லாம் அங்கே செலவழித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்திருக்கிறாய். கழித்தல் சொல்லித்தருவது இவ்வளவு பெரிய வேலை என்று எனக்குத் தெரியாது. பெருமையாக இருந்தது, பொறாமையாகவும் இருந்தது.

வகுப்புக்குள் வந்திருந்தால் நீ மறுபேச்சில்லாமல் என்னோடு கிளம்பியிருப்பாய். அதனால்தான் வரவில்லை. இதை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் போகிறேன்.

மாற்றல் வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிடு. தைத்துக் கொடுக்க வேண்டியதை முடித்துவிட்டு நான் வருகிறேன். அதற்குள் இந்தத் தெருவில் வெளிச்சம் விழுகிற அறையாக ஒன்று பார்த்து வை. கீழ்த்தளமாக இருக்கட்டும், மெஷினை மாடியேற்ற என்னால் ஆகாது.

உன் தையல்காரன்