போக்கா மான்சாவில் என்ன செய்யலாம்

பிராங்ஸ், நியூயார்க்
8 நவம்பர் 1999

என் கண்ணு அன்செல்மோவுக்கு,

கடவுள் உன்னைக் காக்கட்டும். நீ வந்து சேர்ந்துவிட்டாய் என்று தொமசினா போனில் சொன்ன பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது. என் அக்கா மகள் என்றாலும் அவள் உன்னைக் கடைசியாகப் பார்த்தபோது உனக்கு நாலு வயது. விமான நிலையத்தில் எப்படி அடையாளம் கண்டாய் என்று கேட்டேன். "கையில வெலங்குத் தடம் இருந்துச்சு சித்தி, மூஞ்சியில உங்க மூக்கு இருந்துச்சு" என்கிறாள். அவள் வாய் அப்படித்தான். மனசு நல்லது. பின்கட்டு அறையை உனக்கு ஒழித்துக் கொடுத்திருக்கிறாளே.

பத்தொன்பது வயதில் சட்டைப் பையில் ஒரு சின்னப் போதைப் பொட்டலத்தோடு பிடிபட்டாய். அதற்கான தண்டனையையும் அப்போதே முடித்தாய். அதன் பிறகு இந்த நகரத்தில் எத்தனை லிப்டைப் பழுது பார்த்திருப்பாய். கிரீன் கார்டைப் புதுப்பிக்கப் போன இடத்தில் பிடித்து வைத்து, பிறந்த ஊருக்குப் போ என்று விமானம் ஏற்றினால் அது என்ன நியாயம்? போகட்டும். வக்கீலைப் பார்க்கிறேன். ஏதாவது வழி இருக்கும்.

அதுவரை ஊர் பார்க்கப் போனதாக நினைத்துக்கொள். அறைக்குள் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடக்காதே. வெயில் ஏறுமுன் கடலில் குளி. தென்னைகள் தண்ணீர் மேல் சாய்ந்திருக்கும் வளைவு ஒன்று உண்டு, அங்கே அலையே இராது. தொமசினா பொரிக்கும் மீனைச் சூடாகச் சாப்பிடு. ஞாயிறு மாலை பூங்கா மேடையில் ஆட்டம் நடக்கும், போய் ஆடு. ஜனவரியில் திமிங்கிலங்கள் வரும். அதைப் பார்க்க ஜெர்மனியிலிருந்தெல்லாம் ஆள் வருகிறது. உனக்கு வாசலிலேயே.

இதை டயாலிசிஸ் நாற்காலியில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். இடது கையில் ஊசி, வலது கையில் பேனா. நீ இல்லாததால் என்னை அழைத்துவர வேன் அனுப்புகிறார்கள். ஓட்டுகிறவர் பாட்டையும் நிறுத்துவதில்லை, பிரேக்கும் போடுவதில்லை.

தாடியை மழித்துக்கொள்.

உன் அம்மா
கசில்டா


போக்கா மான்சா
2 டிசம்பர் 1999

அம்மா,

ஆசி கொடு. நீ சொன்ன வளைவுக்குப் போனேன். தென்னைகள் இருக்கின்றன. அதற்கு முன்னால் கயிறு கட்டி ஒரு காவலாளியை நிறுத்தியிருக்கிறார்கள். அந்த மணல் முழுக்க இப்போது ஹோட்டலுடையது. அங்கே தங்குகிறவர்கள் மணிக்கட்டில் மஞ்சள் பட்டை கட்டியிருப்பார்கள். எனக்கு எங்கே பட்டை என்று காவலாளி கேட்டான். நான் இந்த ஊர்க்காரன் என்றேன். என் ஸ்பானிஷைக் கேட்டு அவனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"இந்த ஊர்ல பொறந்தவனா? அப்ப அந்தப் பக்கம் போப்பா. இது வந்தவங்களுக்கு" என்றான்.

நான் வந்தவனும் இல்லை, இருந்தவனும் இல்லை. அதை எந்த மொழியில் அவனிடம் சொல்வது?

ஊரில் லிப்ட் உள்ள ஒரே கட்டிடமும் அந்த ஹோட்டல்தான். வேலை கேட்டேன். நன்னடத்தைச் சான்று கொண்டுவரச் சொன்னார்கள். காவல் நிலையத்தில் என் பெயரைக் கேட்டதும், 'திருப்பி அனுப்பினவனா' என்று பேனாவைக் கீழே வைத்துவிட்டார் அதிகாரி. ஆங்கிலம்தான் தெரியுமே என்று கடற்கரையில் இரண்டு கனடாக்காரர்களுக்கு வழி காட்டினேன். அனுமதி அட்டை இல்லை என்று பிடித்துப்போய்ப் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். தொமசினா ஒரு தட்டு மீனோடு வந்து என்னை மீட்டாள்.

இப்போது அவள் கடையில் வாழைக்காய் உரிக்கிறேன். அவள் நசுக்கிப் பொரிக்கிறாள். வாடிக்கைக்காரர்கள் என்னை 'மிஸ்டர்' என்று கூப்பிட்டுச் சிரிக்கிறார்கள்.

கடலில் குளி என்று எழுதியிருக்கிறாயே, எனக்கு நீந்தத் தெரியாது என்பதை மறந்துவிட்டாயா? நீ எங்கே எனக்குக் கற்றுத் தந்தாய்? கோபமாகச் சொல்லவில்லை.

வக்கீல் என்ன சொன்னார்? ஊசி போடும் கையில் வீக்கம் வடிந்ததா?

உன் மகன்
அன்செல்மோ


பிராங்ஸ்
10 ஜனவரி 2000

அன்செல்மோ கண்ணு,

கடவுள் உன்னோடு இருக்கட்டும். மூன்று அரசர்கள் திருநாளுக்குச் சட்டை அனுப்பினேனே, வந்ததா? அளவு சரியாக இருக்கிறதா? கடைக்காரி நடுத்தரம் என்றாள், நான்தான் பெரியது எடுத்தேன். அங்கே போய் நீ இளைத்திருந்தால் தொளதொளவென்று இருக்கும். இளைக்காதே.

வக்கீல் வீட்டுக்கே போனேன். அவருக்கு நேராகச் சொல்ல மனசு வரவில்லை. காப்பி கொடுத்தார், நாய்க்குட்டியைக் காட்டினார். கடைசியில் அவர் மனைவிதான் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, இது ஆயுசுக்கும் தடை. இனிமே அவரு இங்க வர முடியாது. நீங்க காசு செலவழிக்காதீங்க" என்று சொன்னாள். நல்ல பெண். நான் படி இறங்கி வந்துவிட்டேன்.

எனவே நீந்தக் கற்றுக்கொள். இனி அது உன் ஊர். படகு ஓட்டும் லூச்சோ தனக்குச் சினேகம் என்று தொமசினா போனில் சொன்னாள், அவனிடம் கேள். பெரிய ஆள் கற்றுக்கொள்கிறானே என்று யார் சிரித்தாலும் சிரித்துவிட்டுப் போகட்டும்.

கையில் ஊசி போடும் குழாய் அடைத்துக்கொண்டது. கழுத்தில் ஒரு குழாய் வைத்திருக்கிறார்கள். பார்க்கத்தான் பயம், வலி ஒன்றும் இல்லை. இப்போது இரண்டு கையும் சும்மா இருக்கிறது. இன்னும் நீளமாக எழுதலாம், ஆனால் தூக்கம் வருகிறது.

திமிங்கிலம் வந்ததும் போய்ப் பார். பார்த்து எனக்கு எழுது.

அம்மா


போக்கா மான்சா
12 பிப்ரவரி 2000

அம்மா, ஆசி கொடு.

சட்டை தொளதொளவென்றுதான் இருக்கிறது. தொமசினா, "உள்ள இன்னொரு ஆள் இருக்கலாம்" என்கிறாள்.

திமிங்கிலம் பார்த்தேன். லூச்சோ என்னைப் படகில் கையாளாகச் சேர்த்துக்கொண்டான். பயணிகளுக்கு மிதவைச் சட்டை மாட்டிவிட வேண்டும். வாந்தி எடுக்கிறவர்களுக்குப் பை கொடுக்க வேண்டும். பேச மட்டும் கூடாது. பேசினால் வழிகாட்டி ஆகிவிடுவேனாம், அதற்கு அட்டை வேண்டுமாம். விரிகுடாவின் வாய்க்குப் போனதும் எஞ்சினை நிறுத்தினார்கள். முதலில் பக்கத்தில் யாரோ பெருமூச்சு விட்டது போல ஒரு சத்தம். பிறகு ஒரு தாயும் குட்டியும். குட்டிக்கு மூச்சுப் பிடிக்கத் தெரியவில்லை, அடிக்கடி மேலே வந்தது. தாய் அதன் அடியிலேயே நின்றது. நான் எல்லோரையும் போல வாயைப் பிளந்து நின்றேன். ஒருத்திக்குப் பை கொடுக்க மறந்தேன்.

அந்த அம்மாள் கரைக்கு வரும் வழியில் நான் எந்த ஊர் என்று கேட்டாள். பிராங்ஸ் என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. "அட, நீங்களும் ஊர் சுத்திப் பார்க்க வந்தவரா!" என்றாள். ஆமாம் என்றேன். எத்தனை நாள் இருப்பீர்கள் என்று கேட்டாள். நான் கயிற்றை எடுக்கப் போவது போல் போய்விட்டேன்.

உன் கடிதத்தில் எழுத்து வரியை விட்டுக் கீழே இறங்கிக்கொண்டே போகிறது. 'வலி ஒன்றும் இல்லை' என்று எழுதிய இடத்தில் பேனா தாளைக் கிழித்திருக்கிறது. உள்ளதைச் சொல்.

நீந்த இன்னும் வரவில்லை. இடுப்பளவு தண்ணீரில் மிதக்கிறேன்.

அன்செல்மோ


பிராங்ஸ்
6 மார்ச் 2000

என் செல்லமே,

உள்ளதைச் சொல் என்றாய். சொல்கிறேன், உட்கார்ந்து படி.

கழுத்துக் குழாயில் இரண்டு முறை கிருமி புகுந்து காய்ச்சலில் கிடந்தேன். உன்னிடம் சொல்லாதே என்று தொமசினாவிடம் நான்தான் சொல்லிவைத்தேன், அவளைத் திட்டாதே. போன வாரம் டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். டாக்டர்கள் உட்கார்ந்து பேசினால் நல்ல சேதி இராது.

"கசில்டா, இனி குழாய் வைக்க எடம் இல்ல. தொடையில ஒண்ணு முயற்சி பண்ணலாம். எத்தனை நாள் தாங்கும்னு என்னால சொல்ல முடியாது."

"மெஷினை நிறுத்திட்டா?"

"ஒரு வாரம். சில பேருக்குக் கொஞ்சம் கூட. வலியில்லாமப் பார்த்துக்கலாம்."

அவளுக்கு என்னிடம் கோபமில்லை, இரக்கமும் காட்டவில்லை. அதனால் யோசிக்க முடிந்தது. தொடையில் குழாய் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கழுத்தில் இருப்பது ஓடும்வரை ஓடட்டும். ஈஸ்டர் கழிந்த வெள்ளிக்கிழமை கடைசித் தடவையாக மெஷினில் உட்காருவேன். மறுநாள் விமானம் ஏறுவேன். போகும் டிக்கெட் மட்டும்தான் எடுத்திருக்கிறேன்.

இருபத்தொன்பது வருஷம் கழித்து ஊருக்கு வருகிறேன். உன்னைப் பார்க்க வருகிறேன்.

அம்மா


போக்கா மான்சா
20 மார்ச் 2000

அம்மா,

வராதே.

கடிதம் வந்த அன்றே தலைநகரத்துக்குப் பேருந்து ஏறினேன். அரசாங்க ஆஸ்பத்திரியில் மெஷினைப் பற்றி விசாரித்தேன். எழுத்தர் பொறுமையானவர். "மெஷின் அஞ்சு இருக்கு, ரெண்டுதான் ஓடுது. வரிசையில பேரை எழுதிக்கிறேன், மூணு மாசம் ஆகும். அம்மா எப்ப வர்றாங்க?" என்றார். உன் பெயரைச் சொன்னேன். எழுதிக்கொண்டார். எதற்குச் சொன்னேன் என்று தெரியவில்லை.

நேற்று போன் கடையிலிருந்து உன்னிடம் பேசினேனே, அதில் பாதி நேரம் நாம் இருவரும் பேசவே இல்லை. நீ மூச்சு விடுவது மட்டும் கேட்டது. எனக்கு அது போதும் அம்மா. நீ அங்கே இருந்தால் தொடையில் குழாய் வைப்பார்கள். அது ஒரு வருஷம் ஓடலாம், இரண்டு வருஷம் ஓடலாம். கடிதம் வரும். திட்டி எழுதுவாய். இங்கே வந்தால் என் கண் முன்னால் ஒவ்வொரு நாளாக வீங்குவாய், நான் வாழைக்காய் உரித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். என்னால் முடியாது. அந்த அளவுக்கு நான் பெரியவன் இல்லை.

தொமசினா உனக்காகப் பின்கட்டு அறைக்குச் சுண்ணாம்பு அடிக்கிறாள். அவளை நிறுத்தச் சொல்.

அன்செல்மோ


பிராங்ஸ்
31 மார்ச் 2000

மகனே,

உன்னிடம் அனுமதி கேட்டு எழுதவில்லை.

இங்கே இருந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். ஒரு நாள் யாரோ ஒரு நர்ஸ் என் கண்ணை மூடுவாள். உனக்குப் போன் வரும். நீ அந்தப் போன் கடையில், வரிசையில் நிற்கிறவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, கேட்டுவிட்டு வெளியே வருவாய். ஒரு பிடி மண் போடக்கூட உன்னை இங்கே விடமாட்டார்கள். அது எனக்கு வேண்டாம்.

உன்னால் முடியாது என்கிறாய். என்னாலும் முடியாதுதான். முடியாத இரண்டு பேர் ஒரே அறையில் இருக்கலாம்.

நான் உனக்கு எழுதியது போல நீ இப்போது எனக்கு எழுது. எனக்குத் தெரிந்தது பழைய போக்கா மான்சா, இப்போது நீ இருக்கும் ஊர் எனக்குத் தெரியாது. அதிகம் நடக்க முடியாத ஒருத்தி அங்கே வந்தால் என்ன பார்க்கலாம், என்ன செய்யலாம்? ஊர் பார்க்க வருகிறவளாகவே வருகிறேன்.

அம்மா


போக்கா மான்சா
13 ஏப்ரல் 2000

அம்மா, ஆசி கொடு.

இதை நாளை ஊர் திரும்பும் ஒரு கணவன் மனைவியிடம் கொடுத்தனுப்புகிறேன். நியூயார்க்கில் தபாலில் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். தபாலை நம்பினால் நீ கிளம்பிய பிறகுதான் கிடைக்கும்.

வா.

விமான நிலையத்துக்கு லூச்சோ தன் மைத்துனன் வேனோடு வருகிறான். சாலை குண்டும் குழியுமாக இருக்கும், பின் சீட்டில் மெத்தை போடுகிறோம். முதல் நாள் ஒன்றும் செய்ய வேண்டாம், தூங்கு. ஜன்னலைத் திறந்தால் கடல் தெரியாது, பக்கத்து வீட்டுக் கோழிக்கூண்டுதான் தெரியும். ஆனால் சத்தம் கேட்கும்.

மறுநாள் விடிந்ததும் உன்னைக் கடற்கரைக்குத் தூக்கிப்போகிறோம். தூக்குவதில் வெட்கப்படாதே, இங்கே பிரிட்ஜைக்கூட அப்படித்தான் கொண்டுபோகிறார்கள். தொமசினா நோன்புக்காலத்து இனிப்புப் பயறுக் கூழை உனக்காக எடுத்து வைத்திருப்பாள். சர்ச்சில் ஒன்பது மணிப் பூசை. உன்னோடு பள்ளியில் படித்தேன் என்று ஒரு அம்மாள் தினமும் கடைக்கு வந்து தேதி கேட்கிறார், பெயர் புரா. உன் தலைமுடியைப் பின்னிவிடுவாராம். நீ அவரிடமிருந்து ஒரு ரிப்பனை எடுத்துக்கொண்டு திருப்பித் தரவே இல்லையாம்.

மாலையில் காற்று குறைந்தால் லூச்சோவின் படகில் கரையோரமாகவே ஒரு சுற்று. அலை இருந்தால் வேண்டாம். மூன்றாம் நாள், நான்காம் நாள் உனக்கு எது தோன்றுகிறதோ அது. அதற்குப் பிறகு என்ன செய்யலாம் என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பக்கத்தில் இருப்பேன்.

ஒரு விஷயம் மட்டும். இங்கே ஊர் மருத்துவமனையில் ஒரு இளம் டாக்டர் இருக்கிறார். வலிக்கு மருந்து அவர் தருவார், பேசிவிட்டேன். வேண்டியதைச் சாப்பிடலாம், இனிப் பத்தியம் வேண்டாம் என்றார். இளநீர் மட்டும் வேண்டாம், அதிலுள்ள பொட்டாசியம் உப்பு இதயத்தைச் சட்டென்று நிறுத்திவிடும், ஒரு நாள் இரண்டு நாள் முன்னாலேயே முடிந்துவிடும் என்றார்.

நீ வந்து இறங்குகிற இடம் முழுக்க இளநீர்தான் அம்மா. எத்தனை வருஷமாகத் தண்ணீரை அளந்து குடித்தவள் நீ. கேட்பாய். கேட்டால் வெட்டித் தருவேனா, மாட்டேனா? படுத்தால் இதுதான் ஓடுகிறது. வரும்முன் நீயே ஒரு பதில் சொல்லிவிடு.

இல்லை, சொல்லாதே. வா.

உன் மகன்
அன்செல்மோ