உன் அம்மாவுக்கு நம்பர் பிளேட் வந்த கதை

என் சின்னக்குட்டிக்கு அப்பா எழுதுவது. நான் சுகம் என்று எழுதினால் அது பாதிதான் உண்மை, உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் உன் அம்மாவைப் பார்த்துப் பார்த்துப் புகைகிறது. நீ அங்கே நலமாக இருந்து வேளைக்குச் சாப்பிட்டாலே எங்களுக்கு நிம்மதி.

அம்மாவின் வண்டியைப் போலீஸ் பிடித்தது நிஜமா என்று போனில் கேட்டாய், அவள் பக்கத்திலேயே நின்றதால் வாய் திறக்க முடியவில்லை. கண் டாக்டர் கையெழுத்துப் போட மறுத்து என் லைசென்ஸ் போனது உனக்குத் தெரியும். அதுவரை அந்த நர்ஸம்மாவை ஸ்கூட்டரில் வீடு வீடாகக் கொண்டுபோய் விட்டவன் நான்தான், அவள் உள்ளே ஊசி போட்டுக் கட்டு மாற்றி வரும்வரை வாசலில் நிற்பேன், எந்தச் சந்து நாய் துரத்தும் என்பதுகூட அத்துப்படி. இப்போது அவள் சைக்கிள் கடைக்காரரிடம் ஒரு எலெக்ட்ரிக் சைக்கிள் வாங்கிவிட்டாள். அதற்கு லைசென்ஸ் வேண்டாமாம், நம்பர் வேண்டாமாம். பஸ் ஓட்டியே தலை நரைத்தவனுக்கு ஜன்னல் கம்பி, ஹாரன் எந்தப் பக்கம் என்று தெரியாதவளுக்கு ராஜபாட்டை, இது என்ன நியாயம் சொல்லு. சாயங்காலம் வந்து, “அந்த மேட்டுல மிதிக்கவே இல்லீங்க, கைப்பிடியைச் சும்மா முறுக்கினேன், பறந்துச்சு” என்பாள். எனக்கு வயிறு எரியும்.

அந்தச் சமயத்தில்தான் டிவியில் புதுச் சட்டம் சொன்னார்கள். மிதித்தால் மட்டும் மோட்டார் உதவுகிற, வேகம் குறைந்த வண்டிதான் சைக்கிளாம். மிதிக்காமல் முறுக்கி ஓட்டினால் அது மொபெட், லைசென்ஸ், நம்பர், இன்சூரன்ஸ், ஹெல்மெட் எல்லாம் வேண்டும். சட்டமே என் பக்கம் வந்துவிட்ட சந்தோஷத்தில் அவளிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். “பொறாமையில பேசாதீங்க, கடைக்காரர் சைக்கிள்னுதானே கொடுத்தாரு” என்று பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். அந்த வாரமே ஆஸ்பத்திரி முக்கில் நிறுத்தினார்கள். போலீஸ்காரர் கைப்பிடியை முறுக்கிப் பார்த்தார், பின்சக்கரம் தானாகச் சுற்றியது, வண்டி ஸ்டேஷனுக்குப் போய்விட்டது.

மருந்துப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு வெயிலில் நடந்தே வந்தாள். வந்ததும், “நீங்க சொன்னதுதான் சரி” என்றாள். அந்த ஒரு வார்த்தைக்கு எவ்வளவு நாள் காத்திருந்தேன், வந்தபோது சப்பென்று இருந்தது. பத்து நிமிஷம் பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தவள், “அப்போ மொபெட்டாவே ஓட்டுறேன், லைசென்ஸ் எடுத்துடுறேன்” என்றாள். அழுவாள், நான் தேற்றலாம் என்று நினைத்தவன் அவள் காலுக்கு வெந்நீர் வைக்கப் போனேன்.

படிப்பதற்காவது என்னிடம் வருவாள் என்று பார்த்தால், போனிலேயே எல்லா விதியையும் படித்துவிட்டாள். ஓட்டிப் பழகியது சைக்கிள் கடைக்காரரிடம், தப்பான வண்டியை விற்ற கூச்சத்தில் அவர் தன் மொபெட்டைக் கொடுத்து மைதானத்தில் கூடவே ஓடினார். அந்த ஆள் ஓடுவதைப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, ஓடவேண்டியவன் நான் அல்லவா. டெஸ்ட் அன்று வேலியோரம் போய் நின்றேன். தவறட்டும் என்று ஒரு மனசு, தவறினால் அந்த அதிகாரியைச் சும்மா விடக்கூடாது என்று இன்னொரு மனசு. காலை ஊன்றாமல் எட்டுப் போட்டாள். நான் அந்தக் காலத்தில் இரண்டு தடவை ஊன்றியவன்.

அபராதம் கட்டி, வண்டியைப் பதிவு செய்து, நம்பர் பிளேட்டும் மாட்டியாகிவிட்டது. சைக்கிளில் பின்னால் ஆள் ஏறக்கூடாது, மொபெட்டில் ஏறலாம், அதுவும் அதே சட்டம்தான். நேற்றுக் காலை புது ஹெல்மெட் ஒன்றை என் கையில் திணித்து, “வாசல்ல நிக்க ஆள் இல்லாம நல்லாவே இல்ல, ஏறுங்க” என்றாள். ஏறினேன். முக்குக்கு முக்கு ஆட்கள் அவளுக்குத்தான் கை காட்டுகிறார்கள், அந்தப் போலீஸ்காரர்கூட. என்னை யாரும் பார்க்கவில்லை.

மழையில் நனையாதே, ராத்திரி கண் விழிக்காதே. நீயும் அங்கே இப்படி ஒரு வண்டி வைத்திருப்பதாகச் சொன்னாயே, அந்த ஊர்ச் சட்டம் அதை என்னவென்று சொல்கிறது என்று முதலில் விசாரி, கடைக்காரன் பேச்சை நம்பாதே. நினைத்தது எல்லாம் கூடிவந்து நீ நூறு வயசு நிறைவாக இரு.

மறக்காமல் அம்மாவுக்குப் போன் செய்து வாழ்த்துச் சொல், ஆனால் ரொம்பப் புகழாதே. திருப்பத்தில் எல்லாம் என் வலது கால் தானாகக் கீழே அழுத்துகிறது. அவள் திரும்பிப் பார்க்காமலே, “அங்க பிரேக் இல்லீங்க, என் தோளைப் பிடிச்சுக்குங்க” என்கிறாள். பிடித்துக்கொள்கிறேன்.

என்றும் உன்,
அப்பா