மேல்மலைக்குப் போகாத நாற்பது பொட்டலம்

4 நவம்பர் 86, செவ்வாய்

காலையிலிருந்தே தூறல். நமுனுகுல மலையே தெரியவில்லை. பசறைக் கடையில் ஐஸ், கயிறு, தின்ன மாலுபாண் இரண்டு.

வேலை: தோட்டத்து மேல்மலையில் பழைய விதைத் தேயிலை. நாற்பது செடி, செடிக்கு ஒரு பொட்டலம் கொழுந்து. ஐஸ் பெட்டியில் கண்டி ஆய்வுகூடத்துக்கு. கொழுந்தை அரைத்து ஜெல்லில் ஓடவிட்டால் கோடு கோடாக விழும். கோடுகள் வேறுபட்டால் செடிகளும் வேறு ரகம். வெளிநாட்டில் டிஎன்ஏவையே வெட்டிப் பார்க்கிறார்களாம். நமக்கு இப்போதைக்கு நொதிதான் என்கிறார் எங்கள் ஆராய்ச்சி டொக்டர். பல ரகம் இருந்தால் மலையை விட்டுவைப்பார்கள். இல்லையென்றால் பிடுங்கிவிட்டு வி.பி. என்கிற புதுத் தேயிலை நடுவார்கள்.

நான் மேலே போகவில்லை.

அக்காவைக் கட்டிக்கொடுத்த தோட்டம் இது. இன்று அவள் மேல்மலையில் கொழுந்து பறிக்கிறாள். டொக்டர், தோட்டத்துத் துரையின் பங்களாவில் டீ குடித்துவிட்டுப் பின்னால் வருகிறேன் என்றார். அவர் முன்னால் அக்கா இடுப்புச் சாக்கோடு "தம்பி" என்று ஓடி வருவாள். டொக்டருக்கு நான் பதுளை டவுன்காரன், அப்பா கிளாக்கர். அப்படிச் சொல்லித்தான் வேலையில் சேர்ந்தேன்.

பாதையோரக் கீழ்மலையிலேயே நாற்பதையும் நிரப்பினேன். அங்கே முழுக்க வி.பி., ஒரே தாய்ச்செடியின் தண்டை வெட்டி வெட்டி நட்டது. தெரியாதா? தெரியும். டொக்டரிடம் "முடிஞ்சுது ஐயா" என்றேன். இந்த மழையில் மலையேறாமல் தப்பியது நல்லதென்று அப்படியே ஜீப்பைத் திருப்பச் சொன்னார்.

9 நவ., ஞாயிறு

அக்காவின் லயத்து வீட்டுக்கு. சட்டைத் துணி, சீனி ஒரு கிலோ.

"செவ்வாக்கெழம ஏன் தம்பி வரல? நீ வருவேன்னு சொன்னியேன்னு ஒனக்கு நாப்பது செடியில கொழுந்து ஒடிக்காம விட்டிருந்தேன். கங்காணி கத்து கத்துன்னு கத்துனாரு."

ஜீப் பழுது என்றேன். ரொட்டி, கட்டசம்பல். மூன்று தின்றேன். வெட்கங்கெட்ட வயிறு.

24 நவ., திங்கள்

கண்டியிலிருந்து கடிதம், ஜெல் படம். நாற்பதும் ஒன்றுபோல.

டொக்டர்: "இதென்ன ஐசே, எல்லாம் ஒரு தாய்ப் பிள்ளையள் மாதிரி? விதைத் தேயிலையில இப்பிடி வராதே."

படத்தைக் கோப்பில் வைத்தேன். பின்னேரம் துரை போனில் நச்சரிக்க, சரி பிடுங்குங்கோ என்றுவிட்டார்.

26 நவ., புதன்

சளி. நேற்றே பிடுங்க ஆரம்பித்துவிட்டதாக டிரைவர் சொன்னான். நேரே டொக்டர் அறைக்கு. பொட்டலமெல்லாம் கீழ்மலையில் பறித்தது என்றேன்.

"நீர் மேல போகேல்லையோ?"

"இல்லை ஐயா."

"ஏன்?"

"மழை. அட்டைக்கடி."

அட்டை! மடுல்சீமைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவனுக்கு அட்டைப் பயம். உண்மை சொல்லப் போன இடத்திலும் ஒரு பொய்.

டொக்டர் திட்டவில்லை. துரையைப் போனில் கூப்பிட்டு நிறுத்தச் சொன்னார். நாளைக்கு அவரும் வருகிறார். திட்டியிருக்கலாம்.

27 நவ., வியாழன்

நல்ல வெயில். மேல்மலையில் பாதிக்கு மேல் வெறும் மண். பிடுங்கியவர்கள் வெளித் தோட்டத்து ஆட்கள், வேலையில்லாமல் பீடி குடித்துக்கொண்டு. அக்கா கூடையோடு ஓரத்தில் தனியாக நின்றாள். என்னைக் கண்டதும் சிரித்துக்கொண்டு வந்தாள். பின்னால் டொக்டரைக் கண்டாள். நின்றாள்.

"வாங்க சார்" என்றாள், என்னைப் பார்த்து.

கொழுந்து விட்டுவைத்த செடிகளைக் காட்டினாள். நாற்பதில் பதினேழு மிச்சம். "இது செவப்புக் கொழுந்துங்க. இது எல அகலம். இது பனிக்குக் கருகாது. எல்லாம் வேற வேறதாங்க சார்."

டொக்டருக்கு ஒரே சந்தோஷம். "இவவை முதலே கேட்டிருக்கலாம். ரிப்போட்டில போடவேணும், பேரைக் கேட்டு எழுதும்."

கேட்டேன். நான் அக்காவிடம் பேர் கேட்டேன்.

"மாரியாயிங்க சார்."

"அந்தப் பேரில கனபேர் இருப்பினம். தகப்பன்ர பேரையும் போடும்."

அக்கா என் பேனாவைப் பார்த்தாள். டொக்டருக்குத் தெரிந்த என் முழுப் பேரிலும் அதே அப்பா பேர்தான்.

"அப்பா பேரு தெரியாதுங்க சார்" என்றாள்.

அந்த இடத்தை வெறுமையாக விட்டேன்.