ஓடியவனும் கொன்றவனும்

நண்பா,

இன்று காலை காஜா பெராங் தெரு டோபி கடையைத் தாண்டும்போது ஈரச் சவுக்கார வாசம் முகத்தில் அடித்தது. உடனே அந்தச் சட்டை ஞாபகத்துக்கு வந்துவிட்டது. மெர்டேக்கா சுதந்திரத்துக்கு முந்தைய வருடம், மலாக்கா நீதிமன்றத்தில் நாம் இருவரும் ஜூரிகளாக உட்கார்ந்திருந்தபோது தூக்கிக் காட்டினார்களே, துவைத்தும் இரத்தக் கறை போகாத அந்தச் சட்டை.

ஜாலான் பெண்டஹாரா தெருவில் ஒரு மசாலாக் கடையின் பின்கட்டில் வேலையாள் ஒருவன் குத்துப்பட்டு இறந்துகிடந்தான். அவனோடு ஒரே அறையில் தங்கியிருந்த சிநேகிதன்மேல் வழக்கு. கண்ணால் பார்த்தவர் யாருமில்லை. கத்தியும் கிடைக்கவில்லை. எல்லாமே சூழ்நிலைச் சாட்சியம். "நான் போனப்பவே குத்துப்பட்டுக் கிடந்தான். தூக்கிப் பார்த்தேன், உயிரில்ல, பயந்துட்டேன்" என்றான் கூண்டில் நின்றவன்.

ஜூரி அறைக்குள் போனதும் உன்னைத் தவிர எங்கள் ஆறு பேருக்கும் அவன்தான் குற்றவாளி. நீ மட்டும் மேசையில் கையால் மூன்று இடம் காட்டினாய்.

"கொலைக்கு முன்னால நடந்தது இங்க. அந்த நேரத்துல நடந்தது நடுவுல. பின்னால நடந்தது அங்க. பிரிச்சுப் பார்ப்போம்."

முன்னால், இறந்தவனுக்கும் இவனுக்கும் நடந்த சண்டை. பின்னால், அவன் ஓடியது, சட்டையைத் துவைத்தது, அன்று மூவார் ஊரில் இருந்ததாகப் பொய் சொன்னது. நடுவில் உன் உள்ளங்கை மட்டும் இருந்தது.

"இங்க என்ன இருக்கு, சொல்லு."

"அதான் ஓடிட்டானே லா!" என்றேன்.

"கொன்னவனும் ஓடுவான். பயந்தவனும் ஓடுவான். ஓடினத வச்சு இவன் யாருன்னு சொல்ல முடியுமா?"

தூக்கில் முடியக்கூடிய வழக்கு. ஒவ்வொருவராக உன் பக்கம் வந்தோம். அவன் விடுதலையாகி ஊரைவிட்டே போனான். அதன்பிறகு வேறு யாரையும் போலீஸ் பிடிக்கவில்லை.

சில வாரம் கழித்து, ஜாலான் துக்காங் எமாஸ் பிள்ளையார் கோயில் வாசலில் இறந்தவனின் தாய் நம்மை மறித்தார்.

"அப்ப எம்புள்ளய யாருங்கய்யா கொன்னது?"

நான் சட்டத்தை விளக்க வாயெடுத்தேன். நீ என் கையை அழுத்தினாய். "தெரியலம்மா" என்றாய்.

அதற்குப் பிறகும் வெள்ளிக்கிழமைகளில் அவர் கேட்டார். நீ அதே பதிலைச் சொன்னாய். வேறு கோயிலுக்குப் போகலாமே என்று நான் சொன்னதற்கு, "அவங்க வேற யாருகிட்ட போய் கேப்பாங்க?" என்றாய். ஒருநாள் நடந்துகொண்டிருக்கும்போதே, "தப்பா பிரிச்சிட்டேனோடா?" என்று என் முகத்தைப் பார்த்தாய். இல்லை என்றேன். இப்போதும் இல்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அன்று அதைக் கேட்டு உன் முகம் தெளியவில்லை.

உன் சாவுக்கு அந்தத் தாய் வந்திருந்தார். அழவில்லை. "இவரும் போயிட்டாரு. இனி யாருகிட்ட கேப்பேன்?" என்றார்.

"எங்கிட்ட கேளுங்கம்மா" என்று சொல்லிவிட்டேன்.

போன வெள்ளிக்கிழமையும் கேட்டார். "தெரியலம்மா" என்றேன். தலையை ஆட்டிவிட்டு நடந்தார். அவர் தெருமுனை திரும்பிய பிறகும் என்னால் அந்த இடத்தைவிட்டு நகர முடியவில்லை. நீயும் அப்படித்தான் நிற்பாய். நேரமாகிறது வா என்று உன்னை இழுத்துக்கொண்டு போவேன்.

இப்போது என்னை இழுத்துக்கொண்டு போக ஆளில்லை.