உப்பிட்டுக் கொல்லப்பட்ட மரக்கன்றுகள்

அனுப்புநர்:
ரஷீத் அஹமது (வயது 74),
தோல் பதனிடும் ஆலையில் வேலை பார்த்து ஓய்ந்தவர்,
மசூதித் தெரு, ஆம்பூர்.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
மாநிலப் பூங்காக்கள் பிரிவு,
சென்னை.

பொருள்: பாலாற்றங்கரை அரசுப் பூங்காவுக்கு ஆண்டு முழுவதும் தடையின்றி நிதி வழங்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

சென்ற கோடையில் எங்கள் பூங்காவின் மரக்கன்றுகளைத் தங்கள் பிரிவு உப்பு நீர் ஊற்றிக் கொன்றது. இதைச் சுற்றி வளைத்து எழுதும் அளவுக்கு நான் பள்ளிக்கூடம் போனதில்லை.

பூங்காவுக்கான நிதி ஒவ்வோர் ஆண்டும் மார்ச் கடைசியில் முடிகிறது. புதிய நிதி ஜூலையில் வருகிறது. நடுவில் உள்ள மாதங்களில் மரங்களுக்குத் தாகம் எடுக்கக் கூடாது என்பது தங்கள் எதிர்பார்ப்பு. வேலூர் வெயிலுக்கு இது குறித்துச் சுற்றறிக்கை ஏதும் அனுப்பப்பட்டதா என அறிய விரும்புகிறேன்.

நிதி நின்றதும் நல்ல தண்ணீர் கொண்டுவந்த டேங்கர் லாரியும் நின்றது. பூங்காவில் உள்ள ஆழ்துளைக் கிணற்று நீரையே ஊற்றும்படி உத்தரவு வந்தது. சிக்கனமான யோசனைதான். ஆலைக் கழிவு இறங்கி உப்பேறிய அந்தத் தண்ணீரில் பருப்புகூட வேகாது என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும். தோட்டக்காரர் சாமிநாதன் என்னிடம் கேட்டார்: "இன்னா பாய், தோலுக்குத்தானே நீங்க உப்பு போடுவீங்க? செடிக்கும் போடச் சொல்றாங்களே!"

நாங்கள் உப்பிடுவது செத்த ஆட்டின் தோலுக்கு. உயிரோடு இருப்பதற்கு உப்பிடும் முறையைத் தங்கள் பிரிவுதான் கண்டுபிடித்துள்ளது. பாராட்டுகள்.

ஜூலையில் நிதி வந்தது, கூடவே மழையும் வந்தது. அதே குழிகளில் புதிய கன்றுகள், பந்தல், மாலை, புகைப்படம். சம்பளமும் நின்று, கன்றுகள் கருகிய பிறகு பள்ளிகொண்டா சுங்கச்சாவடியில் வெள்ளரிப்பிஞ்சு விற்ற சாமிநாதனும் மீண்டும் தோட்டக்காரர் ஆனார்.

வளர்ந்த மரம் என்று மிஞ்சியிருப்பது வாசலில் உள்ள புங்கமரம் ஒன்றே. ஷூ கம்பெனிப் பெண்கள் மதியச் சாப்பாட்டுக்கு உட்காரும் ஒரே நிழல் அது. சென்ற கோடையில் அதன் ஒரு பக்கம் பட்டுப்போனது. பெண்கள் மறுபக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்கள். இந்தக் கோடையிலும் அதே தண்ணீர் என்றால், நகர்வதற்கு இடம் இல்லை.

ஆகவே:

1. தாங்கள், ஏப்ரல் முதல் மார்ச் வரை இடைவெளி இல்லாமல் நிதி வழங்கி, கோடை முழுவதும் டேங்கர் வர உத்தரவிட வேண்டும். விழாவுக்குத் தனியாக நிதி தேவையில்லை. மரம் பிழைத்தால் நாங்களே கொண்டாடிக்கொள்வோம்.

2. கணக்குப் பிரிவினர், சாமிநாதனுக்குப் பன்னிரண்டு மாதமும் பசிக்கும் என்று கருதிச் சம்பளம் வழங்க வேண்டும்.

3. அந்த உத்தரவைப் போட்ட பொறியாளர், அடுத்த முறை உத்தரவிடும் முன் நேரில் வந்து அந்தத் தண்ணீரில் ஒரு டம்ளர் குடிக்க வேண்டும். டம்ளர் நான் கொண்டுவருகிறேன்.

இடம்: ஆம்பூர்
நாள்: 09.03.2026

பதில் வரும்வரை எழுதிக்கொண்டே இருக்கும்,
(ஒப்பம்) ரஷீத் அஹமது