வெள்ளைக் களிம்பு

ஜனவரி 9, வியாழன்

இன்றும் கையை நீட்டச் சொன்னாள். காலை ஏழு மணிக்குப் பள்ளிச் சமையலறையில் நாங்கள் ஐந்து பேரும் வரிசையாக நிற்க வேண்டும். மேற்பார்வையாளர் யெர்னேயா, என் மகள் வயதுக்காரி, பென்சில் முனையால் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். தொட்டால் ஒட்டிக்கொண்டுவிடுமாம். என் விரல் கணுவெல்லாம் சிவந்து வெடித்துக் கிடக்கிறது. நாலாவது மாதம்.

"வீதா அம்மா, டாக்டர் சீட்டு கொண்டு வர்ற வரைக்கும் மாவுல கை வைக்க வேணாம். தட்டு அடுக்குங்க."

இருபத்தாறு வருஷம் இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு ரொட்டி பிசைந்த கை இது. அவளும் அதைத் தின்று வளர்ந்தவள்தான். அப்போது பென்சிலால் திருப்பிப் பார்த்தாளா?

ஜனவரி 12, ஞாயிறு

நாத்தனார் மிலேனா சூப்புக்கு வந்தாள். கூடவே காரணங்களும் வந்தன. கை அரிப்புக்கு நரம்புத் தளர்ச்சி காரணம். பால் காரணம். மனசுல அடக்கி வச்ச கோபம் காரணம். அடக்கி வைக்கிற ஆளா நான்? முப்பது வருஷமாக என்னைப் பார்க்கிறாள், இதுகூடத் தெரியவில்லை.

பிறகு அவள் வழக்கமான இடத்துக்கு வந்து சேர்ந்தாள். "அண்ணி, அண்ணனோட பிசின் மருந்தைத் தடவிப் பாருங்களேன். எங்க தெருவே அதைத்தான் தடவுது."

என் கணவர் சிரிலுக்கு நாற்பது தேன்கூடு. தேனீக்கள் மரமொட்டிலிருந்து பிசின் கொண்டுவந்து கூட்டின் விரிசலை அடைக்கும். இந்த மனுஷர் அதைச் சுரண்டி எடுத்துச் சாராயத்தில் கரைப்பார். தொண்டைக்கு அதுதான், கால் ஆணிக்கு அதுதான், நாயின் காதுக்கும் அதுதான். வீடு முழுக்க அந்த வாடை. என் மூக்கு எப்போதோ செத்துவிட்டது.

"அதைத் தடவறதுக்குப் பதிலா ரோட்டுத் தாரைத் தடவிக்குவேன்" என்றேன். "பூச்சி எச்சில்ல வைத்தியம் பண்ற அளவுக்கு நான் இன்னும் கெட்டுப்போகல."

இவர் தலை நிமிராமல் சூப்பில் கிடந்த நூடுல்ஸை அள்ளிக்கொண்டிருந்தார்.

ஜனவரி 20, திங்கள்

டாக்டர் ஐந்து நிமிஷம் பார்த்தார். அதில் மூன்று நிமிஷம் கம்ப்யூட்டரை. தோல் அழற்சியாம். சிவப்பு, சூடு, அரிப்பு, வீக்கம் எல்லாம் அதன் அடையாளமாம். நாலு மாதமாகச் சொறிகிறவளுக்குச் சொல்கிறார்.

நாள் முழுக்கத் தண்ணீர், சோப்பு, பூண்டு, வெங்காயம். தோலின் மேலிருக்கும் எண்ணெய்ப் பசையைக் கழுவிக் கழுவி எடுத்துவிட்டேனாம். கூரை ஓடு போன வீடு மாதிரி, எல்லாம் உள்ளே இறங்குமாம். இரண்டு வாரத்துக்கு ஒரு ஸ்டீராய்டு மருந்து. தினமும் படுக்கும் முன் வாசனை எதுவும் இல்லாத வெள்ளைக் களிம்பு, அதற்கு மேல் பருத்திக் கையுறை. ஒட்டுவியாதி இல்லை என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். யெர்னேயா படித்துவிட்டு, "ஆறட்டும், பார்க்கலாம்" என்றாள். படிக்கத் தெரிகிறது, புரிந்துகொள்ளத்தான் தெரியவில்லை.

பிப்ரவரி 3, திங்கள்

குறைந்திருக்கிறது. யாரிடமும் சொல்லப் போவதில்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு

சொல்லாமல் இருந்ததே நல்லது. விரல் இடுக்கில் பொடிப் பொடியாய் நீர்க்கொப்புளம். கண் இமையும் வீங்கிவிட்டது. ஸ்டீராய்டை நிறுத்தி இரண்டு வாரம்கூட ஆகவில்லை. வெள்ளைக் களிம்பை ஒரு நாள் விடாமல் தடவுகிறேன். வெள்ளை என்று பெயர், மஞ்சளடித்துப்போயிருக்கிறது. மருந்துக்கடையில் பழைய சரக்கைத் தள்ளிவிட்டிருக்கிறார்கள்.

பிப்ரவரி 17, திங்கள்

கடைக்குப் போய் டப்பாவை அந்தப் பெண்ணின் முகத்துக்கு நேரே வைத்தேன். அவள் முகர்ந்து பார்த்தாள்.

"இதுல வேற ஏதோ கலந்திருக்கு அம்மா."

"கலந்தது யாரு? நானா?"

நாலு பேர் வரிசையில் நின்றார்கள். நிற்கட்டும், கேட்கட்டும் என்று இன்னும் சத்தமாகவே பேசினேன். கண்ணில் தண்ணீர் வைத்துக்கொண்டு புது டப்பா கொடுத்தாள். அவ்வளவு மெல்லிய மனசுக்காரி எதற்குக் கடையில் நிற்க வேண்டும்?

பிப்ரவரி 26, புதன்

புது டப்பாவும் மஞ்சள். கடையே மோசம்.

விட்டவை: பூண்டு. ரப்பர் கையுறை. லாவெண்டர் சோப்பு. மிலேனா பேச்சைக் கேட்டுப் பாலையும் விட்டுப் பார்த்தேன், வெட்கக்கேடு. கூட வேலை செய்யும் ஸோஃப்கா, மலிவு நகையில் இருக்கும் நிக்கல் பலருக்கு ஆகாது என்றாள். என் கல்யாண மோதிரம் தங்கமா, தங்க முலாமா, யார் கண்டது? இவர் வாங்கியது. வெண்ணெய் போட்டுக் கழற்றினேன். சாப்பிடும்போது இவர் அந்த விரலையே பார்த்தார். கேட்கவில்லை. எதைத்தான் கேட்டிருக்கிறார்?

மார்ச் 4, செவ்வாய்

ஈஸ்டர் நோன்புக்கு முந்தைய முகமூடித் திருவிழா. பள்ளிக்கு அறுநூறு டோனட். இருபத்தாறு வருஷத்தில் முதல்முறையாக என் கை படாத மாவு. வேறு ஊரிலிருந்து ஒருத்தியைக் கூட்டிவந்திருந்தார்கள். சரியாகப் பொங்கிய டோனட்டின் இடுப்பில் வெளுத்த வளையம் இருக்க வேண்டும். இவள் போட்டதில் ஒன்றுக்குக்கூட இல்லை. கரடி வேஷம் போட்ட பொடியன் ஒருவன் கடித்துவிட்டுக் கேட்டான்: "இந்த வருஷம் ஏன் ரப்பர் மாதிரி இருக்கு?"

மதியம் யெர்னேயா கூப்பிட்டாள். ஈஸ்டர் முடிந்து பள்ளி திறக்கும்போதும் இப்படியே இருந்தால் சமையலறையை விட்டு எடுத்துவிடுவார்களாம். துணி துவைக்கிற இடத்தில் ஆள் வேண்டுமாம். தண்ணீரும் சோப்பும் ஆகாதவளை அனுப்ப நல்ல இடம் பார்த்திருக்கிறாள்.

கழிவறையில் அழுதேன். எழுதியாயிற்று, போதும்.

மார்ச் 10, திங்கள்

மாவட்ட ஆஸ்பத்திரி. தோல் டாக்டர் ஹ்ரிபார். முதுகில் சின்னச் சின்னக் கட்டங்களாக ஒட்டிவிட்டார்கள். கட்டத்துக்கு ஒரு பொருள். புதன்கிழமை எடுத்துப் பார்ப்பார்கள், வெள்ளிக்கிழமை மறுபடியும் பார்ப்பார்கள். அதுவரை முதுகில் தண்ணீர் படக்கூடாது, வியர்க்கக்கூடாது. சும்மா இருக்கச் சொல்ல எவ்வளவு படிப்பு வேண்டியிருக்கிறது.

மார்ச் 13, வியாழன்

தலை நாறியது. இவர் சமையலறைத் தொட்டியில் வைத்துக் கழுவிவிட்டார். முதுகில் ஒரு சொட்டு விழாமல், துண்டை மூன்று சுற்றுச் சுற்றி. "ஆட்டைக் குளிப்பாட்டற மாதிரி இருக்கு, சீக்கிரம் முடிங்க" என்றேன். சீக்கிரம் முடிக்கவில்லை.

மார்ச் 14, வெள்ளி

நிக்கல் இல்லை. ரப்பர் இல்லை. பூண்டு, வாசனைப் பொருள் இல்லை. ஒரே ஒரு கட்டம் மட்டும் சிவந்து தடித்திருந்தது.

"தேனீப் பிசின்" என்றார் டாக்டர் ஹ்ரிபார். "வீட்ல தேனீ வளர்க்கறீங்களா?"

"என் வீட்டுக்காரர் வளர்க்கறார். நான் அந்தக் கண்றாவியைத் தொடறதே இல்ல. உங்க கட்டம் தப்பு."

"சோப்பு யார் தோலையும் அரிக்கும். அது ஒரு வகை. இது வேற. உங்க உடம்பு ஒரு பொருளை எதிரின்னு ஞாபகம் வச்சிருக்கு. இன்னிக்குப் பட்டா நாளைக்கோ மறுநாளோதான் சண்டைக்கு வரும். அதனாலதான் எது பட்டுதுன்னு ஆளுக்கே தெரியாது. சோப்பு கதவைத் திறந்துவிட்டிருக்கு, பிசின் உள்ள வந்திருக்கு. கதவுப் பிடி, துண்டு, எதுல வேணாலும் இருக்கும். ஆனா இவ்வளவு மோசமாகணும்னா தினமும் தடவற எதிலயோ இருக்கணும். என்ன தடவறீங்க?"

வெள்ளைக் களிம்பு என்று சொல்ல வாயைத் திறந்தேன். அது வெள்ளையாக இல்லை.

வீட்டுக்கு வந்ததும் டப்பாவை இவர் முன்னால் மேஜையில் வைத்தேன். காது வரை சிவந்துவிட்டார்.

"எப்பலேர்ந்து?"

"பிப்ரவரி முதல் வாரம். லேசா ஆறிட்டு வந்துது இல்ல. சீக்கிரம் முழுசா ஆறட்டும்னு… ஒரு ஸ்பூன்தான் வீதா."

"புது டப்பாவுல?"

"அதுலயும் ஒரு ஸ்பூன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கறதுக்கு என்ன?"

"கேட்டா நீ என்ன சொல்வேன்னு எனக்குத் தெரியும்."

என்னென்ன சொன்னேன் என்று எழுத மாட்டேன். படுபாவி மனுஷன், திருட்டுத்தனமா, அதுவும் என் கையில, என் சோத்துல மண்ணைப் போட்டுட்டு தலையைக் கழுவிவிடறாராம் தலையை. எழுதிட்டேனே.

கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? ஏற்கெனவே சொன்னதைத்தான். அவர் தங்கச்சி முன்னால், அவர் சூப்பு குடித்துக்கொண்டிருக்கும்போது.

மார்ச் 16, ஞாயிறு

பேசவில்லை. சூப்பும் வைக்கவில்லை.

மார்ச் 23, ஞாயிறு

இவர் ஒரு வாரமாகக் கதவுப் பிடி, குழாய், கார் ஸ்டியரிங் எல்லாவற்றையும் ஸ்பிரிட் போட்டுத் துடைக்கிறார். தேன்கூட்டு வேலைக்குப் போடும் உடுப்பு, செருப்பு, துண்டு எல்லாம் கொட்டகைக்குப் போய்விட்டன. கையில் எண்ணெய் தேய்த்துப் பிசினைக் கரைத்து, பிறகு சோப்புப் போட்டு, அங்கேயே கழுவிவிட்டு வருகிறார்.

மிலேனா போனில் அழுதாள். "அண்ணன் எல்லாக் கூட்டையும் வித்துடப் போறாராம் அண்ணி."

அலமாரியில் தேடினேன். விளம்பரம் எழுதி வைத்திருந்தார்: நாற்பது கூடு, நல்ல நிலை, உரிமையாளர் சொந்தக் காரணத்துக்காக விற்கிறார். பெரிய தியாகி. தேனீயை விற்றுவிட்டுப் பகல் முழுக்க என் காலடியில் உட்கார்ந்திருப்பார், அதை யார் சகிப்பது? அந்தத் தாளை உருளைக்கிழங்குத் தோலுக்குக் கீழே விரித்துக் குப்பையில் போட்டேன். அவர் பார்க்கும்படிதான் போட்டேன்.

ஏப்ரல் 5, சனி

மருந்துக்கடைக்குப் போனேன். அதே பெண். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். "தப்பு உன் கடை மேல இல்ல" என்று மட்டும் வந்தது. அதையும் ஏதோ அவள்தான் என்னைத் தொந்தரவு பண்ணியது மாதிரி சொல்லிவிட்டு, வேண்டாத இருமல் மிட்டாய் இரண்டு பாக்கெட் வாங்கி வந்தேன். களிம்பு வெள்ளையாகவே இருக்கிறது.

ஏப்ரல் 22, செவ்வாய்

ஈஸ்டர் முடிந்து பள்ளி திறந்தது. வரிசை. நீட்டினேன். யெர்னேயா பென்சிலால் இந்தப் பக்கம் திருப்பினாள், அந்தப் பக்கம் திருப்பினாள். ஒன்றும் கிடைக்கவில்லை. பாவம், ஏமாற்றமாக இருந்திருக்கும்.

"சரி, மாவுக்குப் போங்க வீதா அம்மா."

"பென்சிலைக் கழுவிட்டு வை" என்றேன். "எத்தனை கை பட்டுதோ."

பன்னிரண்டு கிலோ மாவு. உள்ளே பருத்தி, வெளியே மெல்லிய கையுறை. பிசைந்தேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

சூப்பு கொதித்துக்கொண்டிருந்தது. இவர் கொட்டகையிலிருந்து வந்து வாசற்படியிலேயே நின்றார். நான் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு கையையும் நீட்டினார். உள்ளங்கையைக் காட்டினார், பிறகு புறங்கையைக் காட்டினார். நகத்தை ஒட்ட வெட்டியிருந்தார். ஒரு நகத்தில் ரத்தம் கட்டியிருந்தது.

என் கையில் கரண்டி இருந்தது. அதன் காம்பால் அவர் விரலைத் திருப்பிப் பார்த்தேன். இரண்டாவது விரலுக்குப் போகும்போதுதான் எனக்கே தெரிந்தது, நான் எப்படி நிற்கிறேன் என்று.

கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கையைப் பிடித்துப் பார்த்தேன். சுத்தமாகத்தான் இருந்தது. இன்னொரு தடவை கழுவிவிட்டு வரச் சொன்னேன்.